வண்டியை யார் அனுப்பியது?

வில்லா அதேலா, எல் ஆல்ட்டோ, பொலிவியா
3 ஆகஸ்ட் 1996

கர்த்தர் துணை.

அன்புள்ள தம்பி டெல்ஃபினுக்கு உன் அக்கா காசியானா எழுதுவது. இங்கே எனக்கு இரண்டு கை, இரண்டு கால், பதினெட்டுப் பல் எல்லாம் சேதமில்லாமல் இருக்கின்றன. அங்கே புவெனஸ் ஐரிஸில் உன் உடம்பு எப்படி? போன கடிதத்தில் "நலம்" என்று ஒரே சொல்தான் இருந்தது. தையல்காரன் ஆனால் பேச்சையும் கத்தரித்துத்தான் அனுப்புவாயா?

உன் வெள்ளை வண்டி நன்றாக ஓடுகிறது. எட்டு வருஷம் நீ தைத்த கால்சட்டைகளுக்கெல்லாம் சேர்த்து நாலு சக்கரம் முளைத்து வாசலில் நிற்கிறது என்று தினமும் நினைத்துக்கொள்வேன். வாடகைக்கு ஓட்டும் ஆள் சாயங்காலமானால் ஒழுங்காகக் கொண்டுவந்து விட்டுவிடுகிறான். நீ வந்தால் சாவியை வாங்கி நீயே ஓட்டலாம், யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். ஆனால் எப்போது வருவாய் என்று கேட்டால் மட்டும் உன் பேனாவில் மை தீர்ந்துவிடுகிறது.

பிரேக் மிதித்தால் கோழி மாதிரிக் கத்துகிறது. செனோபியோ மேஸ்திரியின் பட்டறையில் விடப்போகிறேன். ஜப்பானிலிருந்து வந்தபோது வலது பக்கம் இருந்த ஸ்டியரிங்கை இடது பக்கம் மாற்றியவர் அவர்தானே. உன்னோடு பள்ளிக்கூடம் போனவர், உன்னை மாதிரி இல்லாமல் புத்தியுள்ளவர்.

இன்னொரு விஷயம். வண்டியைக் கோபகபானாவுக்குக் கொண்டுபோய், மாதா கோயில் வாசலில் நிறுத்தி, ஊர் வழக்கப்படி பூ சுற்றி, சாமியாரிடம் மந்திரித்து, பீர் ஊற்றிக் கொண்டுவா என்று மூன்றாவது தடவையாக எழுதியிருக்கிறாய். முடியாது தம்பி. நான் சபையில் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் ஊற்றிக்கொண்ட பீரே எனக்கு ஆயுசுக்கும் போதும். என் பொறுப்பில் இருக்கும்வரை அந்த வண்டிமேல் ஒரு சொட்டு விழாது.

இந்தக் கடிதம் கொண்டுவரும் பஸ் கண்டக்டரிடம் ஒரு பை காய்ந்த உருளைக்கிழங்கும் கொடுத்திருக்கிறேன். ஊறவைக்காமல் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளாதே.

உன் அக்கா,
காசியானா

*

புவெனஸ் ஐரிஸ்
12 ஆகஸ்ட் 1996

மாதா துணை.

அக்காவுக்கு டெல்ஃபின் வணக்கம். உருளைக்கிழங்கு வந்தது. நான் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

பிரேக் விஷயத்தில் அவசரப்படாதே. செனோபியோவிடம் பத்து நாளாவது விட்டுவை. நன்றாகப் பார்க்கட்டும். நடுவில் போய் நின்று அவனைத் தொந்தரவு செய்யாதே, உன் வாய் எனக்குத் தெரியும். இன்சூரன்ஸ் தவணை கட்டிவிட்டாயா?

குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன். பொத்தான் நானே தைத்தது.

டெல்ஃபின்

*

எல் ஆல்ட்டோ
28 ஆகஸ்ட் 1996

கர்த்தர் துணை.

தம்பி, உட்கார்ந்துகொண்டு படி. முதலில் நல்லது: யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதற்குக் கர்த்தருக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போ.

உன் வண்டி ஏரிக்குள் போய்விட்டது.

மேஸ்திரியிடம் விட்டுப் பத்து நாளாயிற்று. ஞாயிற்றுக்கிழமை நான் சபையில் பாடிக்கொண்டிருந்தபோது, அவர் உன் வண்டியை எடுத்துக்கொண்டு, மனைவி, மச்சான்கள், மச்சான்களின் மனைவிகள் என்று ஒன்பது பேரைத் திணித்துக்கொண்டு கோபகபானாவுக்குப் போயிருக்கிறார். அங்கே கோயில் வாசலில் மற்ற வண்டிகளோடு வரிசையில் நிறுத்தி, கண்ணாடி தெரியாத அளவுக்குப் பூ சுற்றி, மந்திரித்து, பட்டாசு வெடித்து, பீர் ஊற்றி, எல்லாம் முறையாக நடந்திருக்கிறது. யாருடைய வண்டி? கஞ்சி விற்கிற காசியானாவின் தம்பி வண்டி!

திரும்பி வரும்போது திகீனாவில் ஏரியைக் கடக்க வேண்டுமே. ஆட்களெல்லாம் வழக்கம்போல் இறங்கி மோட்டார் படகில் போய்விட்டார்கள். வண்டியை மரத் தெப்பத்தில் ஏற்றி, மேஸ்திரி பக்கத்தில் நின்றிருக்கிறார். நடுவில் அலை அடித்துத் தெப்பம் சாய்ந்ததும் வண்டி பின்னால் நகர ஆரம்பித்துவிட்டது. கைபிரேக் பிடிக்கவில்லை. பழுதுபார்க்கக் கொடுத்ததே பிரேக்கைத்தான் தம்பி! மேஸ்திரி முன்பக்கக் கம்பியைப் பிடித்து இழுத்தாராம். வண்டி எருமையா, இழுத்தால் நிற்க? மூழ்கின பிறகு பூமாலைகள் மட்டும் மிதந்துகொண்டிருந்தனவாம்.

இப்போது கடற்படைக்காரர்கள் கயிறு கட்டிவைத்திருக்கிறார்கள். கடலே இல்லாத நம் நாட்டுக் கடற்படைக்கு ஒரு வேலை கொடுத்த பெருமை உனக்குத்தான்.

சிரித்து எழுதுகிறேனே என்று நினைக்காதே. உன் எட்டு வருஷம் தண்ணீருக்குள் கிடக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

காசியானா

*

புவெனஸ் ஐரிஸ்
6 செப்டம்பர் 1996

மாதா துணை.

அக்கா, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நீ எழுதிய வரியை நாலு தடவை படித்தேன். உனக்கு நன்றி, மாதாவுக்கு நன்றி.

ஏன் எடுத்தாய் என்று செனோபியோவைக் கேட்டாயா? அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுது.

நான் நலம்.

டெல்ஃபின்

*

எல் ஆல்ட்டோ
17 செப்டம்பர் 1996

கர்த்தர் துணை.

தம்பிக்கு. சேதி கேட்டுக் காய்ச்சலில் விழுந்துவிடவில்லையே? இங்கே நான் கோபத்தில் நன்றாகத்தான் இருக்கிறேன். கோபம் வந்தால் எனக்கு முட்டிவலி தெரிவதில்லை.

அவர் சொன்னதை வார்த்தை விடாமல் எழுதச் சொன்னாய். எழுதுவது சுலபம், சொன்னதே இவ்வளவுதான்:

"நான்தான் எடுத்தேன் அக்கா. என் தப்பு."

"ஏன்யா எடுத்த? உன் வண்டின்னு சொல்லி மச்சான்களுக்குப் பவுசு காட்டவா?"

"என் தப்பு அக்கா."

"கிளிப்பிள்ளையாயா நீ? வேற வார்த்தையே தெரியாதா?"

தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் கிரீஸே இல்லை தம்பி, சும்மாவே துடைத்தார்.

மறுநாள் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். அங்கே கழுத்துப்பட்டை கட்டிய ஒரு சின்னப் பையன் மாதிரி ஆபீசர். கஞ்சியும் பூரியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். தின்றான். தின்றுவிட்டுச் சொல்கிறான்:

"அம்மா, ரிப்பேருக்கு விட்ட வண்டிய மேஸ்திரி தன் இஷ்டத்துக்கு எடுத்துட்டுப் போனா அது எங்க பொறுப்பு இல்ல. நஷ்டத்த அவர்கிட்டத்தான் கேக்கணும். பாலிசியிலயே இருக்கு."

"அந்தப் பொடி எழுத்த எறும்புதான் படிக்கணும். எனக்கு ரெண்டாம் கிளாஸ் படிப்பு, தம்பி."

"வண்டிக்காரரே அவர ஓட்டச் சொல்லி அனுப்பியிருந்தா கதை வேற. அப்ப நாங்க குடுப்போம். வண்டி யார் பேர்ல இருக்கு?"

"என் தம்பி பேர்ல. அர்ஜென்டினாவுல இருக்கான்."

"அவர் அனுமதி குடுத்தாரா?"

"அவன் எப்படிக் குடுப்பான்? அவன் அங்க தையல் மெஷினுக்கு முன்னாடி உக்காந்திருக்கான்! அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது!"

அப்படியே எழுதிக்கொண்டான். நானும் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வரும் வழியில் சந்தையில் மேஸ்திரியைப் பார்த்தேன். என் வாய் உனக்குத் தெரியுமே. "ஏய் திருடா! என் தம்பி வயித்துல அடிச்சவனே!" என்று கத்தினேன். வெங்காயக்காரியிலிருந்து ஆட்டுத்தலை விற்கிறவள்வரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பதில் உடனே எழுது.

காசியானா

*

எல் ஆல்ட்டோ
20 அக்டோபர் 1996

கர்த்தர் துணை.

தம்பி, கண்டக்டரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். "ஒண்ணும் குடுக்கலம்மா" என்கிறார். உன் விரல் ஊசியில் மாட்டிக்கொண்டதா? உயிரோடு இருந்தால் ஒரு பொத்தானையாவது அனுப்பு, புரிந்துகொள்கிறேன்.

வண்டியை வெளியே எடுத்துவிட்டார்கள். மேஸ்திரியின் பட்டறையில்தான் நிற்கிறது, வேறெங்கே வைப்பது? உள்ளே சேறு, இருக்கையில் ஏரிப்பாசி. எஞ்சினைப் பிரித்து வெயிலில் காயவைத்திருக்கிறார். எஞ்சினை அவரே சரிசெய்துவிடுவாராம், ஆனால் புதுச் சாமான்கள் வாங்க அவரிடம் வழியில்லை. பட்டறைக்கு இன்சூரன்ஸும் கிடையாது.

அதனால் வக்கீலிடம் போனேன். டிசம்பர் முடிவதற்குள் வண்டியை ஓடும்படி திருப்பிக் கொடுக்காவிட்டால் பட்டறை மனை நமக்கு என்று ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தார். மேஸ்திரி அதைப் படிக்கக்கூட இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, "டெல்ஃபின் எப்படி இருக்கான் அக்கா? உடம்பு தேவலாமா?" என்று கேட்டார். என்ன நெஞ்சழுத்தம் பார்! "உன்னாலதான்யா அவன் இன்னும் எட்டு வருஷம் தைக்கணும்" என்றேன்.

நீ எப்படியிருக்கிறாய்? இந்தத் தடவை "நலம்" என்று எழுதினால் கிழித்துப் போடுவேன்.

காசியானா

*

புவெனஸ் ஐரிஸ்
2 நவம்பர் 1996

மாதா துணை.

அக்கா, தாமதத்துக்கு மன்னித்துவிடு. வேலை அதிகம்.

பட்டறையை எடுக்காதே. பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு. சாமானுக்கு ஆகும் செலவை நான் மாதாமாதம் அனுப்புகிறேன். வருஷங்கள் இன்னும் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். செனோபியோவை ஒன்றும் சொல்லாதே.

சட்டை பொருந்தியதா?

டெல்ஃபின்

*

எல் ஆல்ட்டோ
14 நவம்பர் 1996

கர்த்தர் துணை.

சட்டை பொருந்தியது. நீதான் எனக்குப் பொருந்தவில்லை.

ஒருவன் உன் வண்டியைக் கொண்டுபோய் ஏரியில் இறக்குகிறான். நீ அவனை ஒன்றும் சொல்லாதே என்கிறாய். போதகர்கூட இவ்வளவு மன்னிப்பதில்லை தம்பி. நீ ஏதோ மறைக்கிறாய். சின்ன வயதில் சர்க்கரை டப்பாவைக் காலி செய்துவிட்டு இப்படித்தான், "அக்கா, சட்டை நல்லா இருக்கு" என்பாய்.

நேற்று மேஸ்திரியின் மனைவி லெயோகாடியா என் கஞ்சிக் கடைக்கு வந்தாள். என்னோடு சண்டைக்குத்தான் வந்தாள் என்று கரண்டியைக் கையில் எடுத்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து அழுகிறாள்.

"அக்கா, ஸ்பேனர் செட்ட வித்துட்டாரு. வெல்டிங் மெஷின வித்துட்டாரு. நேத்து ஜாக்கியையும் கொண்டுபோயிட்டாரு. வண்டிக்குச் சாமான் வாங்கணுமாம். இன்னும் ரெண்டு மாசம் போனா கையால போல்ட் திருகணும்."

"செஞ்ச வேலைக்கு வேற என்ன வழிடி?"

"அதான் அக்கா எனக்குப் புரியல. அவர்கிட்ட ஒரு கடுதாசி இருக்கு. பிளாஸ்டிக் கவர்ல போட்டு மெத்தைக்கு அடியில வச்சிருக்காரு. என்னன்னு கேட்டா, 'வாக்குக் குடுத்திருக்கேன், கேக்காத'ங்கிறாரு. எவளாவது எழுதினதோன்னு ராப்பகலா அதே நெனப்பு அக்கா."

"உன் புருஷனுக்கா? அந்த மூஞ்சிக்கா?" என்று கேட்டேன். அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். பிறகு சொன்னாள்:

"ஸ்டாம்பு மட்டும் பாத்தேன் அக்கா. அர்ஜென்டினா ஸ்டாம்பு."

தம்பி, எனக்கு அர்ஜென்டினாவில் ஒரே ஒரு ஆளைத்தான் தெரியும். கர்த்தரோ மாதாவோ, உனக்கு யார்மேல் பயமோ அவர்மேல் ஆணையாக எழுது.

காசியானா

*

புவெனஸ் ஐரிஸ்
25 நவம்பர் 1996

மாதா துணை.

அக்கா,

நான்தான் அவனை அனுப்பினேன்.

பிப்ரவரியிலிருந்து மே வரை நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். துணித் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. ரத்தமாக இருமினேன். அங்கிருந்துதான் உனக்கு "நலம்" என்று எழுதினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த நம் ஊர்க்காரர் ஒருநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு மாதாவிடம் சொன்னேன்: என்னை வெளியே விடு, ஆகஸ்ட் முடிவதற்குள் என் வண்டி உன் வாசலில் வந்து நிற்கும் என்று. விட்டாள்.

மூன்று தடவை உன்னிடம் கேட்டேன். நீ மாட்டேன் என்றாய். அது உன் தவறு இல்லை, நான் காரணம் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரியையும் சொல்ல வேண்டும். அத்தானைப் பார்த்துக்கொண்டே உனக்கு மூன்று வருஷம் போனது. என்னையும் சேர்த்துச் சுமக்கவைக்க மனசு வரவில்லை. அதனால் செனோபியோவுக்கு எழுதினேன். என் வண்டி, என் அனுமதி, அக்காவுக்குத் தெரியக் கூடாது, இருபத்தைந்தாம் தேதிக்குள் போய்வா என்று. நான் அவசரப்படுத்தியதால்தான், கைபிரேக் பிடிக்கிற பின் சக்கரத்துப் பிரேக்கை முடிக்காமல் கிளம்பியிருப்பான். ஒன்பது பேரை ஏற்றச் சொல்லி நான் எழுதவில்லை. அது அவன் சொந்த யோசனை.

நீ அவனைச் சந்தையில் திருடன் என்றதைப் படித்தபோது, அந்த வார்த்தை ஆயிரம் மைல் தாண்டி என்மேல் விழ வேண்டியது என்று தெரிந்தது. இருந்தும் எழுதவில்லை. நீ இன்சூரன்ஸில் எனக்குத் தெரியாது என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். உன்னைப் பொய்க்காரி ஆக்கிவிடுவேனோ என்றும் பயம். அதைவிட, வெட்கம். காட்டினால் தன் பட்டறை தப்பும் என்று தெரிந்தும் அவன் அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டவில்லை. நான் காட்டாதே என்று சொன்ன ஒரே காரணத்துக்காக.

இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. முதலில் அவனிடம் காட்டு.

உடம்பு: நடந்தால் மூச்சு வாங்குகிறது. இருமல் குறைந்திருக்கிறது. துணியை விட்டு விலகு என்று டாக்டர் சொன்னார். விலகவில்லை.

டெல்ஃபின்

*

எல் ஆல்ட்டோ
5 டிசம்பர் 1996

கர்த்தர் துணை.

மடையா,

முதலில் நிறைய அழுதேன், பிறகு உன்னைத் திட்டினேன், பிறகு முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். யாருக்கு என்று கேட்காதே. ரத்தமாக இருமியவன் எழுந்து நடக்கிறான். கொடுத்தது யாராக இருந்தாலும் நான் நன்றி சொல்லிவிட்டேன், அவர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மேஸ்திரி படித்தார். படித்துவிட்டு டயர்மேல் உட்கார்ந்தார். "அப்ப அவனே சொல்லிட்டானா? அப்பாடா" என்றார். அவ்வளவுதான். மெத்தைக்கு அடியிலிருந்து உன் பழைய கடிதத்தைக் கொண்டுவந்தார். லெயோகாடியா அதைப் பிடுங்கி முதலில் கையெழுத்தைப் பார்த்தாள். பெண் பெயர் இல்லை என்றதும்தான் மூச்சு விட்டாள்.

மூவருமாக இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனோம். கழுத்துப்பட்டை ஆபீசர் இரண்டு கடிதத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அஞ்சல் முத்திரையைப் பார்த்தான். "ஆகஸ்ட் ஏழு. விபத்துக்கு முன்னாடி. சரிதான்" என்றான். பிறகு மேஸ்திரியைக் கேட்டான்:

"பிரேக் வேலை முடிஞ்சிருந்துதா?"

நான் அவர் காலை மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டு சொல்கிறார்: "இல்ல சார். பின் சக்கரம் முடியல. ஒம்பது பேர ஏத்தினதும் நான்தான்."

பொய் சொல்லத் தெரியாதவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது! ஆபீசர் ரொம்ப நேரம் எழுதினான். கடைசியில் இப்படி முடிவு: வண்டிக்காரர் அனுப்பியதால் பாடிக்கும் எஞ்சினுக்கும் ஆகிற சாமானில் பாதிக்கு மேல் அவர்கள் பொறுப்பு. பிரேக்கும் கூலியும் மேஸ்திரி பொறுப்பு. "நியாயம்" என்றார் மேஸ்திரி. சம்பளம் ஏறினவன் மாதிரி முகம்.

ஆனால் ஒன்று. வண்டிக்காரர் நேரில் வந்து, என் கையெழுத்துத்தான் என்று அவன் முன்னால் சொல்ல வேண்டுமாம். வருஷக் கடைசிக்குள். தூதரக முத்திரை போதாது என்கிறான்.

உன்னிடம் அங்கே தங்குவதற்குக் காகிதம் இல்லை. எல்லையைத் தாண்டி வந்தால் திரும்பப் போக முடியாது. அதனால் வா என்று நான் எழுதமாட்டேன். வராதே என்றும் எழுதமாட்டேன். மேஸ்திரி சொன்னார்: "அவன் வர வேணாம் அக்கா. உடம்பு சரியில்லாதவன். நான் மிச்சச் சாமானையும் வித்துச் சமாளிச்சுக்கறேன்." எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

காசியானா

*

புவெனஸ் ஐரிஸ்
15 டிசம்பர் 1996

அக்கா, மெஷினை விற்றுவிட்டேன். பத்தொன்பதாம் தேதி பஸ். ஜன்னல் பக்கம் இடம். கண்டக்டர், "இத்தன நாள் உங்க கடுதாசிய சுமந்தேன், இனி உங்களையும் சுமக்கணுமா?" என்கிறார். மீதியை நேரில் பேசுவோம். பயமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது.

டெல்ஃபின்

*

வில்லா அதேலா, எல் ஆல்ட்டோ
9 ஜனவரி 1997

தம்பி செனோபியோவுக்கு,

இரண்டு தெரு தள்ளியிருப்பவனுக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். மூன்று தடவை உன் பட்டறை வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பினேன். திருடா என்று கத்த எனக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. இந்த வார்த்தை மட்டும் தொண்டையில் நிற்கிறது. எழுதினால் நிற்காது என்று பார்த்தேன். இத்தனை நாள் மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டேன். இனி தம்பி.

டெல்ஃபின் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டது உனக்குத் தெரியும், நீதான் அவனைக் கைத்தாங்கலாகப் படியேற்றினாய். நேற்று நீ வண்டியைக் கொண்டுவந்து விட்டதும் அவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். ராத்திரி இருமலில்லாமல் தூங்கினான். பட்டறைப் பத்திரத்தை இதோடு வைத்திருக்கிறேன். நாலாகக் கிழித்திருக்கிறேன். அடுப்புக்கு உதவும்.

சந்தையில் வெங்காயக்காரியிடம் போன சனிக்கிழமை சொன்னேன், நான் சொன்னது பொய் என்று. "சத்தமா சொல்லு, அன்னைக்குச் சொன்ன மாதிரி" என்றாள். சத்தமாகச் சொன்னேன். ஆட்டுத்தலை விற்கிறவள் கை தட்டினாள். உனக்கு யாராவது வந்து சொல்லியிருப்பார்கள். ஆனாலும் என்னிடமிருந்து நீ கேட்க வேண்டும்: நான் செய்தது தப்பு. பதில் பேசத் தெரிந்தும் பேசாமல் தொப்பியைக் கழற்றி நின்றாயே, அந்த நிற்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். என் தம்பி உயிரோடிருப்பதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று சபைக்கும் கோயிலுக்கும் வழக்கு இருக்கிறது. அவன் வீடு திரும்பியதற்கு யாருக்கு என்பதில் எனக்கு வழக்கில்லை.

லெயோகாடியாவையும் மச்சான்களையும் விசாரித்ததாகச் சொல். முட்டி வலி இருக்கிறதாம் அவளுக்கு, கோபப்பட்டால் சரியாகும் என்று சொல்.

இந்தக் கடிதத்தோடு டெல்ஃபின் உன்னிடம் வண்டிச் சாவியைக் கொடுப்பான். கீழே எழுதியிருப்பதைத் தனியாகக் கிழித்து, அந்தப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்துக்கொள்:

வண்டிக்காரனின் அக்கா காசியானா லிமாச்சியாகிய நான், என் தம்பி டெல்ஃபினுக்குத் தெரிந்தே, அவன் சம்மதத்தோடு, வரும் ஞாயிறு 12ஆம் தேதி எங்கள் வெள்ளை வண்டியை செனோபியோ யுஹ்ரா தன் குடும்பத்தோடு எங்கே வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு போய்வர இதன்மூலம் அனுமதி கொடுக்கிறேன். எத்தனை பேரை ஏற்றுவது என்பது அவர் விருப்பம். பூ சுற்றினாலும் ஆட்சேபனை இல்லை.

இப்படிக்கு,
காசியானா லிமாச்சி
சம்மதிக்கிறேன்: டெல்ஃபின் லிமாச்சி